புதிய வியாபாரமும் பதிவு முகவரும்: அமெரிக்காவில் தொழில் தொடங்கும் எம்மவர் கவனிக்க வேண்டியவை

எங்கள் தலைமுறைக்கு "ஏஜென்சி" என்பது நல்ல சொல் அல்ல. கொழும்பு லொட்ஜில் மாதக்கணக்கில் காத்திருந்து, காணியை ஈடு வைத்த காசைக் கொடுத்து, "அடுத்த கிழமை பிளைட்" என்ற பேச்சை நம்பி வந்தவர்கள் நாங்கள். ஆகவே இங்கே கடையோ கம்பனியோ தொடங்க வருபவரிடம், "உங்களுக்கு ஒரு ஏஜென்ற் வேண்டும், சட்டம் அப்படிச் சொல்கிறது" என்று நாங்கள் சொன்னால் முதலில் ஒரு சிரிப்பு வரும். அடுத்து, "அவருக்கு எவ்வளவு குடுக்க வேணும் அண்ணை?" என்ற கேள்வி வரும்.

நியூ ஜேர்சியில் இரண்டு மேசைகள் மட்டும் உள்ள ஒரு சிறிய கணக்காளர் அலுவலகத்தை நடத்துகிறோம். எம்மிடம் வருபவர்களில் பெரும்பாலோர் எம்மைப் போலவே அகதியாக வந்து, பெற்றோல் நிலையத்திலும் உணவகச் சமையலறையிலும் வேலை செய்து, நாற்பது வயதுக்குப் பின் சொந்தமாக ஏதாவது தொடங்குபவர்கள். அவர்கள் பெயரையும் இடத்தையும் பல மாதம் யோசித்து முடிவு செய்கிறார்கள். பதிவு முகவர் என்ற கட்டத்தை மட்டும் ஒரு நிமிடத்தில் நிரப்பி விடுகிறார்கள். அந்த ஒரு நிமிடத்தைப் பற்றியே இந்தக் கட்டுரை.

பதிவு முகவர் என்பவர் யார்?

ஒரு மனிதர் மீது வழக்குப் போட்டால் அழைப்பாணையை அவர் கையில் கொடுக்கலாம். கம்பனிக்குக் கை இல்லை. ஆகவே, "கம்பனிக்கு வரும் அழைப்பாணையையும் அரசாங்க அறிவித்தல்களையும் இந்த ஆளிடம், இந்த விலாசத்தில் கொடுங்கள், கொடுத்தால் கம்பனியிடம் கொடுத்ததாகவே கணக்கு" என்று பதியும்போதே அரசுக்கு எழுதிக் கொடுக்கிறோம். அந்த ஆள்தான் பதிவு முகவர்.

இதில் முக்கியமானது கடைசிப் பகுதி. முகவரின் கையில் கொடுத்தால் உங்கள் கையில் கொடுத்ததாகவே நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும். அவர் உங்களுக்குச் சொன்னாரா, சொல்ல மறந்தாரா என்பது உங்கள் இருவருக்கும் இடையிலான விஷயம்.

எல்.எல்.சி., கோர்ப்பரேஷன் போன்றவற்றைப் பதியும்போது ஏறக்குறைய எல்லா மாநிலங்களும் முகவரைக் கேட்கின்றன. முகவரின் விலாசம் அந்த மாநிலத்துக்குள் இருக்க வேண்டும். அது வீதிப் பெயரும் இலக்கமும் உள்ள உண்மையான இடமாக இருக்க வேண்டும். தபால் பெட்டி இலக்கம் மட்டும் போதாது. வேலை நேரத்தில் அங்கே ஒருவர் இருந்து கடிதத்தைப் பெற வேண்டும். தனிநபர் வியாபாரமாக, கம்பனி பதியாமல் தொழில் செய்பவர்களுக்கு இந்தத் தேவை இல்லை.

முகவர் உங்கள் பங்காளி அல்ல, சட்டத்தரணி அல்ல, கணக்காளரும் அல்ல. வழக்குக்குப் பதில் எழுதுவதோ வரி கட்டுவதோ அவர் வேலை அல்ல. வாங்குவதும் உடனே உங்களிடம் சேர்ப்பதும் மட்டுமே அவர் பொறுப்பு. வேலை சிறியதுதான். ஆனால் அது ஒருமுறை தவறினால் என்ன நடக்கும் என்பதை எங்கள் அலுவலகத்தில் நாங்களே பார்த்தோம்.

எங்களுக்கு நடந்த பாடம்

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தம்பி பலசரக்குக் கடை தொடங்கினார். பதிவுப் படிவத்தை நிரப்பிக் கொடுத்தவர்கள் நாங்கள். முகவர் என்ற கட்டம் வந்தபோது, ஆண்டுக்கு நூற்றுச் சொச்ச டொலரை அவருக்கு மிச்சப்படுத்தலாம் என்று நினைத்து, அவர் பெயரையும் அவர் வாடகைக்கு இருந்த அப்பார்ட்மென்ட் விலாசத்தையும் எழுதினோம். சட்டப்படி அதில் பிழை இல்லை. அவர் அந்த மாநிலத்தில் வசிப்பவர், விலாசமும் உண்மையானது.

பிறகு அவர் பக்கத்து ஊரில் வீடு வாங்கிப் போனார். வங்கிக்குச் சொன்னார், சாரதி அனுமதிப்பத்திரத்தை மாற்றினார், தபால் கந்தோரிலும் விலாச மாற்றம் கொடுத்தார். ஆனால் அது அவருடைய சொந்தப் பெயருக்கு மட்டும். கம்பனியின் பெயருக்கு வந்த தபால் பழைய பெட்டிக்கே போனது. மாநிலப் பதிவேட்டில் பழைய விலாசம் அப்படியே கிடந்தது.

கடைக்குக் குளிரூட்டிப் பெட்டிகள் பொருத்திக் கொடுத்த ஒருவருடன் அவருக்குப் பிணக்கு இருந்தது. ஒரு பெட்டி வேலை செய்யவில்லை, மீன் பழுதாகிப் போனது, மிச்சக் காசைக் கொடுக்க மாட்டேன் என்று தம்பி நிறுத்தி வைத்திருந்தார். மற்றவர் சுமார் 11,000 டொலருக்கு வழக்குப் போட்டார். நியூ ஜேர்சியில் 20,000 டொலர் வரையான இப்படியான வழக்குகள் விசேட சிவில் பிரிவுக்குப் போகும். அங்கே அழைப்பாணையைப் பெரும்பாலும் நீதிமன்றமே தபாலில் அனுப்பும்: ஒன்று கையொப்பம் கேட்கும் பதிவுத் தபால், மற்றது சாதாரண தபால். பதிவுத் தபாலை யாரும் எடுக்காமல் அது திரும்பினாலும், சாதாரண தபால் திரும்பாவிட்டால் கடிதம் சேர்ந்ததாகவே கருதப்படும். அப்படியேதான் நடந்தது. பழைய வீட்டுக்கு வந்த புதிய குடித்தனக்காரர் அந்தக் கடிதத்தை என்ன செய்தார் என்று எங்களுக்குத் தெரியாது.

பதில் சொல்ல 35 நாள் உண்டு. அது கடந்தது. எதிர்த்தரப்பு வராத வழக்கில் ஒருதலைப்பட்சமான தீர்ப்பு வந்தது. ஒரு வெள்ளிக்கிழமை காலை தம்பி எங்களை அழைத்தார்.

"அண்ணை, கணக்கிலை காசு கிடக்கு, எடுக்க ஏலாதாம். கோர்ட் ஓடர் எண்டு பாங்கிலை சொல்லினம். எனக்கு ஒரு கேஸும் இல்லையே அண்ணை!"

அன்று மூன்று வேலையாட்களின் சம்பளக் காசோலைகள் திரும்பின. அதில் ஒரு அக்காவின் வீட்டு வாடகைக் காசோலையும் அதோடு சேர்ந்து திரும்பியது. அவர் பிறகு அந்தக் கடைக்கு வேலைக்கு வரவில்லை. அவரைக் குறை சொல்ல முடியாது.

சட்டத்தரணியைப் பிடித்தோம். இப்படியான தீர்ப்பை நீக்கக் கேட்பவர் பொதுவாக இரண்டைக் காட்ட வேண்டும்: தவறியதற்கு ஏற்கத்தக்க காரணம், வழக்கில் சொல்வதற்கு நியாயமான பதில். தம்பியிடம் இரண்டும் இருந்தன. பழுதான மீனின் படங்கள், திருத்த வந்தவரின் பற்றுச்சீட்டு, வீடு மாறிய பத்திரம் எல்லாவற்றையும் சத்தியக்கடதாசியோடு இணைத்தார்கள். தீர்ப்பு நீக்கப்பட்டது. பிறகு இரு பகுதியும் ஏறக்குறைய பாதித் தொகைக்குச் சமாதானமானார்கள். அதற்குள் மூன்று மாதம் போனது. சட்டத்தரணிக்குக் கொடுத்த காசில் ஒரு நல்ல முகவரைப் பல ஆண்டுகள் வைத்திருக்கலாம்.

எங்களை உறுத்துவது வேறொன்று. அந்த ஆண்டின் வரிப் பத்திரத்தில் அவருடைய புதிய விலாசத்தை எழுதியவர்கள் நாங்கள்தான். எழுதும்போது, "தம்பி, மாநிலப் பதிவிலை மாத்தினீங்களோ?" என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். நாங்கள் கேட்கவில்லை. இப்போது விலாசம் மாறியவர் யார் வந்தாலும் முதல் கேள்வி அதுதான்.

யாரை நியமிக்கலாம்? மூன்று வழிகள்

முதல் வழி, நீங்களே இருப்பது. செலவு இல்லை. கடை ஒரே இடத்தில் நிரந்தரமாக இருந்து, பகலில் நீங்களோ பொறுப்பான ஒருவரோ அங்கே இருப்பீர்கள் என்றால் இது சரிதான். ஆனால் இரண்டு விஷயத்தை யோசியுங்கள். முகவரின் பெயரும் விலாசமும் பொதுப் பதிவு, யாரும் தேடிப் பெறலாம். வீட்டிலிருந்து கலியாண அலங்காரம் செய்யும் சகோதரிக்கு, தன் வீட்டு விலாசம் ஊருக்கெல்லாம் தெரிவது விருப்பமாக இராது. விலாசத்தைக் கண்டுபிடித்து விடுவார்கள் என்ற பயத்தோடு பல காலம் வாழ்ந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. இரண்டாவது, அழைப்பாணை கொண்டு வருபவர் வாடிக்கையாளர் நிறைந்த நேரத்தில் கடைக்குள் வந்து பெயர் சொல்லிக் கேட்கலாம்.

இரண்டாவது வழி, தெரிந்தவரைப் போடுவது. "மச்சான்ரை விலாசத்தைப் போடுவம்" என்பது எங்களிடம் அடிக்கடி வரும் யோசனை. மச்சான் நல்லவர்தான். ஆனால் அவர் இரவு வேலை செய்து பகலில் தூங்குபவர். கடிதம் பிரிட்ஜின் மேல் கிடக்கும். இரண்டு குடும்பத்துக்கும் மனஸ்தாபம் வந்தால் அந்தக் கடிதத்தின் கதி என்ன என்று யோசியுங்கள். கணக்காளரையோ சட்டத்தரணியையோ போடுவது இதைவிட நல்லது. எங்கள் அலுவலகமும் சிலருக்கு முகவராக இருக்கிறது. ஆகவே எங்கள் குறையையும் சொல்ல வேண்டும். இரண்டு பேர் உள்ள அலுவலகம், ஊரில் ஒரு மரணவீடு என்றால் பூட்டிக் கிடக்கும். அதற்காகவே இப்போது புதிதாக யாரையும் எடுப்பதில்லை.

மூன்றாவது வழி, இதையே தொழிலாகச் செய்யும் நிறுவனம். கட்டணம் பெரும்பாலும் ஆண்டுக்கு 100 முதல் 300 டொலர் வரை. வீடு மாறுபவர்கள், பகலில் வேறு வேலை பார்ப்பவர்கள், வீட்டு விலாசத்தை வெளியிட விரும்பாதவர்கள், வேறு மாநிலத்தில் கம்பனி வைத்திருப்பவர்கள் ஆகியோருக்கு இதுவே பொருத்தம்.

எந்த மாநிலத்தில்?

டெலவெயரில் பதிந்தால் வரி இல்லை என்று யூரியூப்பில் பார்த்துவிட்டு வருபவர்கள் பலர். டெலவெயரின் வில்மிங்டன் நகரில் வடக்கு ஓரஞ்ச் வீதி 1209ஆம் இலக்கத்தில் ஒரு சாதாரண ஒற்றைத் தட்டுக் கட்டடம் இருக்கிறது. அந்த ஒரு விலாசத்தில் இரண்டரை இலட்சத்துக்கும் அதிகமான கம்பனிகள் பதியப்பட்டிருந்தன என்று 2012இல் பத்திரிகைகள் எழுதின. அங்கே இருப்பது பதிவு முகவரின் அலுவலகம். பெரிய கம்பனிகள் டெலவெயருக்குப் போவதற்கு அங்குள்ள கம்பனிச் சட்டமும், வர்த்தக வழக்குகளில் தேர்ந்த சான்சரி நீதிமன்றமும் முக்கிய காரணங்கள். தோசைக் கடைக்கு அந்தக் காரணங்கள் பொருந்தாது.

கணக்கைப் பாருங்கள். கடை நியூ ஜேர்சியில், எல்.எல்.சி. டெலவெயரில் என்றால் டெலவெயருக்கு ஆண்டு வரி 300 டொலர், யூன் 1ஆம் திகதிக்குள் கட்ட வேண்டும், தவறினால் 200 டொலர் தண்டம். அங்கே ஒரு முகவருக்குக் குறைந்தது 100 டொலர் என்று வைப்போம். வெளிமாநிலக் கம்பனியாக நியூ ஜேர்சியிலும் பதிய வேண்டும், அதற்கு ஆண்டறிக்கைக் கட்டணம் 75 டொலர், இங்கேயும் ஒரு முகவர். ஆக இரண்டாவது முகவரைச் சேர்க்காமலே 475 டொலர். நியூ ஜேர்சியில் மட்டும் பதிந்தவருக்கு 75 டொலரும், முகவர் வைத்தால் அவர் கட்டணமும்தான். உழைப்பு நியூ ஜேர்சியில் என்றால் வருமான வரியும் நியூ ஜேர்சிக்குத்தான். டெலவெயர் பெயர்ப்பலகை அதை மாற்றாது.

நியூயோர்க்கில் முறை சற்று வேறு. அங்கே மாநிலச் செயலாளரே எல்லாக் கம்பனிக்கும் சட்டப்படி முகவர். அழைப்பாணை அவரிடம் போய், நீங்கள் எழுதிக் கொடுத்த விலாசத்துக்கு அங்கிருந்து அனுப்பப்படும். தனியாகப் பதிவு முகவர் வைப்பது உங்கள் விருப்பம். ஆனால் எழுதிக் கொடுத்த விலாசம் பழையதென்றால் எங்கள் தம்பிக்கு நடந்ததே அங்கேயும் நடக்கும். இன்னொன்று: நியூயோர்க் எல்.எல்.சி. பதிந்து 120 நாளுக்குள், அலுவலகம் இருக்கும் கவுண்டியின் இரண்டு பத்திரிகைகளில் தொடர்ந்து ஆறு கிழமை அறிவித்தல் போட வேண்டும். மன்ஹட்டனில் இதற்கான செலவு அல்பனியை விட மிக அதிகம். அல்பனி விலாசத்தோடு முகவர் சேவை விற்கப்படுவதன் காரணம் இதுதான். குயின்ஸ், ஸ்ரேற்றன் ஐலன்ட் உறவுகள் இதைக் கேட்டு வைத்திருங்கள்.

முகவரிடம் கேட்க வேண்டிய கேள்விகள்

காசு கொடுக்கும் முன் இவற்றைக் கேளுங்கள். வாயால் சொல்வதை ஏற்காமல் எழுத்தில் வாங்குங்கள்.

1. இரண்டாம் ஆண்டுக் கட்டணம் எவ்வளவு? "முதல் ஆண்டு இலவசம்" என்பது பலரின் விளம்பரம். அடுத்த ஆண்டு உங்கள் கடன் அட்டையில் தானாக எடுக்கப்படும் தொகையே உண்மையான விலை.

2. அழைப்பாணை வந்தால் எத்தனை மணி நேரத்தில் சொல்வீர்கள்? அன்றைக்கே ஸ்கான் செய்து மின்னஞ்சலில் அனுப்புபவரே நல்லவர். மின்னஞ்சல் மட்டுமா, தொலைபேசியிலும் அழைப்பார்களா என்றும் கேளுங்கள்.

3. விலாசத்தில் உண்மையில் ஆள் இருக்கிறாரா? வேறொருவருக்குக் குத்தகைக்குக் கொடுத்த இடமா?

4. வேறு கடிதங்களுக்குத் தனிக் காசா? சிலர் அழைப்பாணையும் அரச கடிதமும் மட்டும் அனுப்புவார்கள். வங்கிக் கடிதத்தைத் திருப்பி விடுவார்கள் அல்லது ஒவ்வொன்றுக்கும் கட்டணம் கேட்பார்கள். பொதுவாக வங்கிக்கு முகவரின் விலாசத்தை வியாபார விலாசமாகக் கொடுக்க முடியாது.

5. விலகிப் போவதற்கு என்ன செலவு? நியூ ஜேர்சியில் முகவரை மாற்ற மாநிலக் கட்டணம் 25 டொலர் மட்டுமே. அதற்கு மேல் முகவர் தண்டம் கேட்டால் அவரிடம் போகாதீர்கள்.

6. கட்டணம் தவறினால் என்ன செய்வீர்கள்? காசு வராவிட்டால் முகவர் விலகிவிடலாம். டெலவெயரில் முகவர் விலகி 30 நாளுக்குள் வேறொருவரை நியமிக்காவிட்டால் எல்.எல்.சி. பதிவே இரத்தாகும். அட்டை காலாவதியானதால் கம்பனியை இழக்கக்கூடாது.

தேவையில்லாததை வாங்காதீர்கள். முதலாளிகளுக்கான வரி இலக்கமான ஈ.ஐ.என். ஐ.ஆர்.எஸ். இணையத்தளத்தில் இலவசம். முகவர்கள் சிலர் அதற்கு 70, 80 டொலர் என்று கேட்பார்கள். தோல் உறை போட்ட பதிவேடு, பொன்முத்திரை எல்லாம் அழகுக்குத்தான்.

பயமுறுத்தும் கடிதங்கள்

கம்பனி பதிந்து சில கிழமைக்குள் அரச இலச்சினை போன்ற ஒன்றுடன் கடிதங்கள் வரும். "சான்றிதழ் பெற உடனே இத்தனை டொலர் அனுப்பவும்" என்று இருக்கும். பொதுப் பதிவிலிருந்து விலாசம் எடுத்து அனுப்பும் தனியார் கடிதங்கள் இவை. மூலையில் சிறிய எழுத்தில் "இது அரச நிறுவனம் அல்ல" என்று இருக்கும். எங்கள் ஆட்கள் அரச கடிதத்துக்குப் பயந்தவர்கள். அந்தப் பயத்தில் கேள்வி கேளாமல் கட்டியவர்களை அறிவோம்.

உண்மையான உரிமையாளர் யார் என்று அறிவிக்கும் படிவம் பற்றியும் இன்னும் சிலர் காசு கேட்கிறார்கள். அமெரிக்காவில் உருவாக்கப்பட்ட கம்பனிகளுக்கு அந்த மத்திய அரசுத் தேவை 2025 மார்ச்சில் நீக்கப்பட்டது. எந்தக் கடிதம் வந்தாலும் காசு அனுப்பும் முன் ஒருவரிடம் காட்டுங்கள். கடிதத்தை வாசித்துச் சொல்ல நாங்கள் காசு வாங்குவதில்லை.

வேறு நாட்டு உறவுகளுக்கு

பிரித்தானியாவிலும் கனடாவிலும் பெயர் வேறு, விஷயம் ஒன்றுதான். அங்கே பதிவு அலுவலகம் என்பார்கள். பிரித்தானியாவில் 2024 மார்ச் 4 முதல் தபால் பெட்டியைப் பதிவு அலுவலகமாக வைக்க முடியாது. அங்கே அனுப்பும் கடிதம் கம்பனி சார்பான ஒருவரின் பார்வைக்கு வரக்கூடிய விலாசமாக இருக்க வேண்டும். இலங்கையிலும் 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டப்படி பதிவு அலுவலகமும் செயலாளரும் வேண்டும். எங்கு போனாலும் அரசு கேட்பது ஒன்றையே: உங்களைத் தேடினால் எங்கே வர வேண்டும்?

இன்றைக்கே செய்யக்கூடியது

ஏற்கனவே கம்பனி வைத்திருப்பவர்கள் இதை வாசித்து முடித்ததும், மாநிலப் பதிவேட்டில் உங்கள் முகவர் யார், விலாசம் எது என்று பாருங்கள். பழையதென்றால் மாற்றுங்கள். ஆண்டறிக்கை அனுப்பும் மாதத்தில் வருடம் ஒருமுறை பார்ப்பதை வழக்கமாக்குங்கள். வீடு மாறினால் வங்கிக்குச் சொல்லும் அதே நாளில் மாநிலத்துக்கும் சொல்லுங்கள்.

1995 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்தை விட்டுச் சைக்கிளில் வெளியேறியபோது எங்களுக்கு விலாசம் இல்லாமல் போனது. அதன் பிறகு பாடசாலை, கோயில் மண்டபம், உறவினர் வீடு, லொட்ஜ் என்று எத்தனையோ இடம். அண்ணர் வெளிநாட்டிலிருந்து போட்ட கடிதங்கள் எங்களைத் தேடி அலைந்து, சில வராமலே போயின. அது எங்கள் கையில் இருக்கவில்லை. இது எங்கள் கையில் இருக்கிறது. அந்தத் தம்பியின் கடையின் முகவர் இப்போது ஒரு நிறுவனம். கட்டணம் ஆண்டுக்கு 125 டொலர். ஒவ்வொரு ஜனவரியும் அந்தப் பற்றுச்சீட்டை அவர் எங்களுக்கு அனுப்புவார். நாங்கள் அதைச் செலவுக் கணக்கில் எழுதும் முன் விலாசத்தை ஒருமுறை சரிபார்க்கிறோம்.